விரிசல் எவ்வளவு வளர்ந்தது: மைக்ரோஸ்கோப்பா, கிளிப் கேஜா, மின்னழுத்தமா?

உலோகச் சோர்வுச் சோதனை (சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கி விரிசல் வளர்வதைப் பார்ப்பது) தொடங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "விரிசல் நீளத்தை அளக்க எந்த முறை துல்லியமானது?" எம்.டெக். ப்ராஜெக்ட்டுக்கு ஆறு துண்டுகளை வெட்டி வைத்துக்கொண்டு நிற்கும் மாணவரும் கேட்கிறார். மூன்று கொட்டேஷன்களை மேசையில் பரப்பி, எதில் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரும் கேட்கிறார்.

துல்லியம் என்று கேட்டால் எந்த விற்பனையாளரும் நல்ல எண்ணைத்தான் சொல்வார். அது பொய்யும் இல்லை. ஒழுங்காக அமைத்தால் மூன்று முறைகளுமே போதுமான அளவு துல்லியம். அதனால் நான் திருப்பி வேறொன்று கேட்பேன். உங்கள் உலோகத்தில், உங்கள் அறையில், இந்தக் கருவி எப்படித் தப்பான எண் சொல்லும்? சொன்னால் அது தப்பு என்று உங்களுக்குத் தெரியவருமா? கருவியின் விலையைவிட இந்த இரண்டு கேள்விகளுக்கு மதிப்பு அதிகம்.

எல்லா முறைகளையும் ஒரே துண்டில் வைத்துப் பார்த்தால்தான் பேச்சு பிடிபடும். சிடி (compact tension) வகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஒரு பக்கம் வெட்டுவாய் உள்ள கட்டை, வாயின் இரு கரைகளிலும் துளையில் பின் (pin) செருகி இழுப்பார்கள். அகலம் 50 மி.மீ., தடிமன் 12.5 மி.மீ., 2024 அலுமினியக் கலவை, உச்சச் சுமை 5 கிலோநியூட்டன், நொடிக்கு 10 சுற்று (சுமை ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுற்று). விரிசல் பாதி அகலத்தை எட்டியிருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் வேகம். இந்தச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) இ647 நெறிமுறை கேட்கும் பகுதிறன் (பிரித்தறிய வேண்டிய மிகச்சிறிய நீளம்) 0.1 மி.மீ. அல்லது அகலத்தில் 0.002 பங்கு, இரண்டில் எது பெரிதோ அது. நம் துண்டுக்கு இரண்டும் ஒன்றேதான். விரிசல் சுற்றுக்கு 10⁻⁷ மீட்டர் வளர்கிறதென்றால் 0.1 மி.மீ. நகர 1000 சுற்று, அதாவது 100 நொடி. தொடக்க வரம்பு (அதற்குக் கீழே விரிசல் நடைமுறையில் வளராத எல்லை) என்று வழக்கத்தில் கொள்ளும் 10⁻¹⁰ மீட்டர் வேகத்தில் அதே 0.1 மி.மீ.க்குப் பத்து லட்சம் சுற்று வேண்டும். ஏறக்குறைய 28 மணி நேரம். கடைசிக் கட்டத்தில் 10⁻⁶ மீட்டர் வேகம் வந்துவிட்டால் பத்தே நொடி. உங்கள் வேலை இந்த வரிசையில் எங்கே விழுகிறது என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

அடுத்து, பொருள் மின்சாரம் கடத்துமா, கடத்தினால் எவ்வளவு நன்றாக? கேட்கும்போது சம்பந்தமில்லாததுபோல் இருக்கும். கீழே வரும் பெரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, துண்டு எங்கே இருக்கும்: திறந்த அறையிலா, உலைக்குள்ளா, உப்பு நீரிலா? கண் போகாத இடத்துக்கு மைக்ரோஸ்கோப்பும் போகாது.

நான்காவது, நீளம் மட்டும் போதுமா, விரிசல் மூடிக்கொள்ளும் சுமையும் வேண்டுமா? இழுவிசை முழுதாக இறங்குவதற்கு முன்பே விரிசலின் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன என்பதை 1970-களின் தொடக்கத்தில் எல்பர் என்ற ஆய்வாளர் காட்டினார். வேகத்தை விளக்க முயலும் ஆய்வு என்றால் அந்தச் சுமை தெரியாமல் பாதித் தரவுதான் கையில் இருக்கும்.

கடைசியாக, யாரும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் ஒன்று: ராத்திரி யார் உட்காருவார்கள்?

## டிராவலிங் மைக்ரோஸ்கோப்

பி.எஸ்சி. இயற்பியல் லேபில் தந்துகிக் குழாயின் ஆரத்தை அளந்த அதே கருவிதான். மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; அளவுகோலாக அது தாராளம். உருப்பெருக்கம்தான் போதாது. 20 முதல் 50 மடங்கு வேண்டும். துண்டின் இரு முகங்களையும் கண்ணாடிபோல் பாலிஷ் செய்து, விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் விரிசல் நுனி முடிபோல் தெரியும்.

இதன் பெரிய பலம், உண்மையான விரிசலைக் கண்ணால் பார்க்கும் ஒரே முறை இதுதான். மற்ற இரண்டும் வேறு எதையோ அளந்து, சூத்திரத்தில் போட்டு, நீளம் இவ்வளவு என்று ஊகிக்கின்றன. விரிசல் பக்கவாட்டில் திரும்பினால், இரண்டாகக் கிளைத்தால், மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவருக்கு உடனே தெரியும். கிளிப் கேஜ் அதைப் பற்றி மூச்சுவிடாது.

பொய் எங்கே? வெளித்தோலில். தடித்த துண்டில் விரிசல் முனை நேர்க்கோடாகப் போவதில்லை. நடுவில் நாக்குபோல் முன்தள்ளி, விளிம்புகளில் பின்தங்கும். நீங்கள் பார்ப்பது பின்தங்கிய விளிம்பை. சோதனை முடிந்து துண்டைப் பிளந்து பார்க்கும்போது தடிமன் முழுவதற்குமான சராசரி நீளத்துக்கும் குறித்த நீளத்துக்கும் உள்ள வித்தியாசம், தகைவுச் செறிவுக் கணக்கை (விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதை) 5 சதவீதத்துக்கு மேல் மாற்றினால் திருத்தம் போட வேண்டும். பாலிஷ் செய்த இரு முகங்களிலும் அளந்த நீளங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலும் தலைவலிதான். வித்தியாசம் தடிமனில் கால் பங்கைத் தாண்டினால், நம் துண்டில் சுமார் 3 மி.மீ., அந்தத் தரவு செல்லாது. ஒரு முகத்தை மட்டும் பார்த்து ஆய்வறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

மறைந்த செலவு மனித நேரம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் சோதனையை நிறுத்த வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். தொடக்க வரம்புச் சோதனையில் விரிசல் வளர வளரச் சுமையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். கையால் செய்ய முடியும். ஒவ்வொரு படியிலும் உச்சச் சுமையை 10 சதவீதத்துக்கு மேல் குறைக்காமல், நாள் கணக்கில், நாற்காலியை விட்டு எழாமல். அப்புறம் ஆளுக்கு ஆள் வேறுபாடு. பகல் ஷிஃப்டில் இருப்பவர் நுனி என்று குறிக்கும் இடத்தை, ராத்திரி வருபவர் 0.05 மி.மீ. தள்ளிக் குறிப்பார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரைபடத்தில் ஒரு படிக்கட்டு விழும்.

அறை வெப்பநிலை, நடுத்தர வேகம், பத்துக்கும் குறைவான துண்டுகள், உதவிக்கு ஒருவர்: இந்த நான்கும் அமைந்தால் வேறு எதையும் வாங்காதீர்கள்.

## கிளிப் கேஜ்

விரிசல் நீளும்போது துண்டு இளகும். அதே சுமைக்கு வாய் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறக்கும். வாயின் கத்திமுனைகளில் (கூரிய விளிம்புகளில்) ஒரு கிளிப் கேஜை, அதாவது திறப்பை அளக்கும் கவட்டைக் கருவியை மாட்டி, சுமைக்கும் திறப்புக்குமான சரிவை எடுத்தால் நீளம் கிடைத்துவிடும். சிடி துண்டுக்கான சூத்திரத்தை 1978-இல் சக்ஸேனாவும் ஹுடாக்கும் தந்தார்கள். இன்றும் பெரும்பாலான மென்பொருள்கள் அதே குணகங்களோடுதான் வருகின்றன.

நம் துண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரிசல் பாதி அகலத்தில் இருக்கும்போது முன்முகத்தில் (வாய் இருக்கும் ஓரத்தில்) திறப்பு சுமார் 0.3 மி.மீ. விரிசல் 0.1 மி.மீ. வளர்ந்தால் திறப்பு ஏறக்குறைய 0.9 சதவீதம் கூடும், அதாவது 3 மைக்ரான் அளவு. நல்ல கேஜுக்கு இது பெரிய வேலையே இல்லை. அதே துண்டு எஃகில் இருந்தால் விறைப்பு மூன்று மடங்கு. மாற்றம் 1 மைக்ரான்தான். சுமையும் குறைந்து, விரிசலும் குட்டையாக இருந்தால் கேஜின் இரைச்சலுக்குள் சிக்னல் மூழ்கிவிடும்.

இந்த முறைக்குள்ளேயே ஒரு பொய் பிடிக்கும் கருவி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தொடக்க விரிசலை மைக்ரோஸ்கோப்பில் அளந்து, அந்த நீளத்தைச் சூத்திரத்தில் போட்டு, மீள்மைக் குணகத்தைத் திருப்பிக் கணக்கிடுங்கள். நம் கலவைக்கு 72 கிகாபாஸ்கல் பக்கம் வர வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் எங்கோ தப்பு: கத்திமுனை சரியாக உட்காரவில்லை, துளையில் பின் (pin) உராய்கிறது, அல்லது சுமையை அளக்கும் லோட் செல் தப்பு. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் மூன்று நாள் ஓட்டிவிட்டு அழுபவர்கள் உண்டு.

இரண்டாவது பொய், விரிசல் மூடல். சரிவை முழுக் கோட்டுக்கும் எடுத்தால் கீழே வளைந்திருக்கும் பகுதியும் சேர்ந்து, துண்டு விறைப்பாகத் தோன்றும். விரிசல் குட்டையாகத் தெரியும். மூடலுக்கு மேலே நேராக இருக்கும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அந்த வளைவே எல்பர் சொன்ன சுமையையும் கொடுத்துவிடுகிறது என்பதுதான் இந்த முறையின் இலவசப் பரிசு. ஒரே கம்பியில் இரண்டு தகவல்.

மறைந்த செலவுகள் சின்னச் சின்னவை, ஆனால் விடாமல் வரும். கத்திமுனை தேயும். வருடா வருடம் காலிபரேஷன். துண்டு உடையும்போது கேஜ் பறந்துபோய்த் தரையில் விழும் (ஒரு நூலைக் கட்டி வையுங்கள், சிரிக்காதீர்கள்). 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் அதிர்வு வகை மெஷினில் கேஜின் கைகள் தாமே ஆடத் தொடங்கும். அங்கே துண்டின் பின்முகத்தில் (வாய்க்கு எதிர் ஓரத்தில்) ஒட்டும், திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் நல்ல மாற்று: மலிவு, நகரும் பாகம் எதுவும் கிடையாது, பூச்சுப் போட்டால் திரவத்திலும் தாங்கும். ஆனால் அதுவும் சோர்வுக்கு ஆளாகும் உலோகத் தாள்தான் என்பதை மறக்கக் கூடாது.

பிளாஸ்டிக், கண்ணாடியிழைக் கூட்டுப்பொருள் மாதிரி மின்சாரம் கடத்தாதவற்றுக்குக் கணினியோடு இணைந்த வழி வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

## நேர்மின்னோட்ட மின்னழுத்த முறை

துண்டின் வழியே நிலையான மின்னோட்டத்தை அனுப்பி, விரிசலின் இரு கரைகளிலும் பற்றவைத்த மெல்லிய கம்பிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பது. விரிசல் வளர்ந்தால் மின்சாரம் சுற்றிப் போக வேண்டியிருக்கும், மின்னழுத்தம் ஏறும். 1965-இல் ஜான்சன் தந்த சமன்பாட்டிலிருந்து நீளத்தைக் கணக்கிடலாம். இரவு பகல் ஓடும், கண் வேண்டாம், உலைக்குள்ளும் போகும். கேட்க அவ்வளவு அழகு. நானும் மயங்கினேன்.

இப்போது நம் அலுமினியத் துண்டில் 10 ஆம்பியர் விடுவோம். கலவையின் மின்தடைமை 5.5 மைக்ரோஓம்-செ.மீ. சுற்று. மின்னோட்டத்தையும் மின்தடைமையையும் பெருக்கித் தடிமனால் வகுத்தால் 44 மைக்ரோவோல்ட். கம்பி இடத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மடங்கு மாறும், ஆனால் அளவு இதுதான். விரிசல் 0.1 மி.மீ. வளர்ந்தால் இதில் ஏறுவது அரை சதவீதம் பக்கம்: 0.2 மைக்ரோவோல்ட்.

இனி எதிரியைப் பாருங்கள். செம்புக் கம்பி அலுமினியத்தைத் தொடும் இடம் ஒரு வெப்ப மின்னிரட்டை. இரு சந்திகளுக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 3 முதல் 5 மைக்ரோவோல்ட் பிறக்கும். டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் போதும், 0.1 மி.மீ. விரிசலைவிடப் பெரிய சிக்னல் வந்துவிடும். அதனால்தான் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அளந்து பாதி வித்தியாசத்தை எடுக்கிறோம். திசை மாறினாலும் வெப்ப மின்னழுத்தம் மாறாது, கழித்தால் ஓடிவிடும்.

அது முதல் எதிரி. இரண்டாவதிடம் நான் நேராக மாட்டினேன். ஒரு ராத்திரி ஓட்டிவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், விரிசல் நீளக் கோடு அலை அலையாக இருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விரிசல் 0.1 மி.மீ. வளர்ந்து, 0.1 மி.மீ. சுருங்கியிருந்தது. திசை மாற்றும் ஸ்விட்ச் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மேலே ஏசி கம்ப்ரஸர் "டக்" என்று நின்றது; கோடு திரும்பியது. அறை வெப்பநிலை ஏறி இறங்க, உலோகத்தின் மின்தடையும் கூடவே ஏறி இறங்கியிருக்கிறது. இந்தக் கலவையில் டிகிரிக்கு 0.2 சதவீதம் அளவுக்கு மாறும். இரண்டரை டிகிரி என்றால் சரியாக அரை சதவீதம்.

விரிசல் சுருங்காது என்பதால் அன்று மாட்டிக்கொண்டது. காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை அறை மெதுவாகச் சூடேறியிருந்தால் அது அழகான விரிசல் வளர்ச்சியாகத் தெரிந்திருக்கும், நானும் அதை வரைந்திருப்பேன். தொடக்க வரம்புச் சோதனையில், விரிசல் நின்றுவிட்டதா ஊர்கிறதா என்று தீர்ப்பு சொல்லும் இடத்தில், இந்தப் பொய்யைப் பிடிக்க ஒரே வழி, விரிசல் எட்டாத இடத்தில் இன்னொரு ஜோடி கம்பி வைத்து அதால் வகுப்பது. அந்தச் சேனலுக்கும் சேர்த்தே கொட்டேஷன் கேளுங்கள். பல நேரம் அது "ஆப்ஷனல்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

மின்தடைமை அதிகமான உலோகத்தில் கதையே வேறு. அதே துண்டு, அதே 10 ஆம்பியர். டைட்டேனியக் கலவை என்றால் 44 மைக்ரோவோல்ட்டுக்குப் பதில் ஏறக்குறைய 1.4 மில்லிவோல்ட், 304 துருப்பிடிக்காத எஃகில் 0.6 மில்லிவோல்ட் பக்கம். அங்கே இந்த முறை உட்கார்ந்த இடத்தில் வேலை செய்யும். அலுமினியக்காரர்கள் மின்னோட்டத்தை 30, 50 ஆம்பியர் என்று ஏற்ற வேண்டும். ஏற்றினால் துண்டு சூடாகும். பழைய பிரச்சினை வேறு வாசல் வழியாக வரும்.

மறைந்த செலவில் முதலிடம் மின்காப்புக்கு. துண்டைப் பிடிக்கும் பின்னும் (pin) அதைத் தாங்கும் கிளெவிஸ் கவ்வியும் மெஷினின் சட்டத்தோடு தொடர்பில் இருந்தால் மின்னோட்டம் விரிசலைச் சுற்றாமல் குறுக்குவழியில் போய்விடும். காப்புப் போட்டாலும் அது லட்சக்கணக்கான சுற்றில் நசுங்கும். துண்டை மாட்டிய பின், கம்பி இணைக்கும் முன், மேல் கிளெவிஸுக்கும் கீழ் கிளெவிஸுக்கும் தனித்தனியாக மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். காற்றில்லா அறையில் இன்னொரு தொல்லை: புதிதாகப் பிளந்த முகங்களில் ஆக்ஸைடு படியாது, முகங்கள் தொட்டால் மின்சாரம் குறுக்கே பாயும், விரிசல் குட்டையாகத் தெரியும். உச்சச் சுமையில், வாய் திறந்திருக்கும்போது அளந்தால் தப்பிக்கலாம்.

உலை என்று வந்துவிட்டால் போட்டியே இல்லை. கல்பாக்கம் அதிவேக ஈனுலையில் பயன்படும் 316எல்என், 9 குரோமியம் எஃகு போன்றவற்றை 550 டிகிரி சுற்றில் சோதிக்க வேண்டுமென்றால் இதைத்தான் நாடுவோம். உயர் வெப்பநிலையில் மெல்ல வளரும் விரிசலுக்கான இ1457 நெறிமுறையும் மின்னழுத்த முறையையே முன்வைக்கிறது.

## மற்றவை, ஒரு வரியில்

ஒட்டும் உலோகத்தாள் கேஜ் நன்றாக வேலை செய்யும், ஆனால் துண்டுக்கு ஒன்று தீரும்; இருபது துண்டு என்றால் கூட்டிப் பாருங்கள். கேமராவும் புள்ளிப் பூச்சும் கொண்ட டிஜிட்டல் பிம்ப ஒப்பீடு விரிசல் நுனியைச் சுற்றிய திரிபுப் புலத்தையே தருகிறது, ஆய்வுக்கு அருமை. ஆனால் அதுவும் வெளித்தோலைத்தான் பார்க்கிறது, ஹார்ட் டிஸ்கையும் விழுங்கும். அரை மி.மீ.க்கும் சிறிய விரிசலுக்கு அசிடேட் தாளில் அச்செடுக்கும் பழைய முறை இன்றும் மதிப்பிழக்கவில்லை. ஒலி உமிழ்வு விரிசல் எப்போது நகர்ந்தது என்று சொல்லும், எவ்வளவு நீளம் என்று சொல்லாது. அதை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மைக்ரோஸ்கோப் | கிளிப் கேஜ் | மின்னழுத்தம் |
|---|---|---|---|
| அளப்பது | வெளிமுக நீளம் | தடிமன் முழுவதின் சராசரி | தடிமன் முழுவதின் சராசரி |
| பெரிய பொய் | நடுவில் முன்தள்ளல் தெரியாது | மூடல், கத்திமுனை நழுவல் | வெப்பநிலை, மின்கசிவு |
| பொய்யைப் பிடிப்பது | இரு முகங்களையும் அளந்து, இறுதியில் பிளந்து | மீள்மைக் குணகச் சோதனை | ஒப்பீட்டுக் கம்பி, திசை மாற்றம் |
| மூடல் சுமை | கிடைக்காது | கிடைக்கும் | நம்பிக்கையாகக் கிடைக்காது |
| உலை | கடினம் | நீட்டுக் கைகள் வேண்டும், விலை ஏறும் | இயல்பான இடம் |
| அலுமினியம் | நன்று | மிக நன்று | கடினம் |
| டைட்டேனியம் | நன்று | நன்று | மிக நன்று |
| ராத்திரி ஆள் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் |

## நானாக இருந்தால்

ஆறு அலுமினியத் துண்டு, அறை வெப்பநிலை, நடுத்தர வேகம்: மைக்ரோஸ்கோப் மட்டும். கூடவே தொடக்க வரம்பும் வேண்டுமென்றால் கிளிப் கேஜ். மின்னழுத்தக் கருவிக்குப் பணம் இருந்தாலும் அலுமினியத்துக்கு அதை முதல் கருவியாக வாங்க மாட்டேன். டைட்டேனியம், துருப்பிடிக்காத எஃகு, அல்லது உலை வேலை வருடம் முழுக்க இருக்கும் கூடத்துக்கு மின்னழுத்தம், ஒப்பீட்டுச் சேனலோடு. எல்லா வகை வேலையும் வரும் கூடம், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிளிப் கேஜ். தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் சோதனை அதில் இருக்கிறது, மற்றதில் நாம் தேடி வைக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் சோதனை முடிந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். எஃகாக இருந்தால் 300 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். விரிசல் முகம் நிறம் மாறி நிற்கும். அப்புறம் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து உடைத்தால், நிறம் ஏறிய பகுதிக்கும் புதிதாக உடைந்த சாம்பல் பகுதிக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை தெரியும். அலுமினியம் இப்படி நிறம் மாறாது. அங்கே சோதனையின் நடுவே உச்சச் சுமையை அப்படியே வைத்துக் கீழ்ச்சுமையை மட்டும் கொஞ்ச நேரம் உயர்த்தி ஓட்டினால் முகத்தில் வளையம் விழும். அந்தக் கோட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தடிமன் நெடுக அளந்து, சராசரி எடுத்து, கருவி கடைசியாகச் சொன்ன நீளத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நாங்கள் அந்த இரண்டு எண்களையும் துண்டின் முதுகிலேயே மார்க்கரில் எழுதி டப்பாவில் போட்டு வைக்கிறோம்.